வரவேண்டிய பணமும் வக்கீல் செலவும்



சட்டத்துறை சார்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் அரசியல் சட்டத்தையோ அடிப்படை உரிமைகளையோ எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நான் பாக்கி வசூலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோவையிலும் திருப்பூரிலும் ஒரு சிறு பட்டறைக்காரர் சரக்கை அனுப்புகிறார், பில் போடுகிறார், அந்தப் பில்லுக்கான ஜி.எஸ்.டி.யைத் தன் கையிலிருந்து கட்டுகிறார். சனிக்கிழமை வந்தால் வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வாங்கியவரோ 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்கிறார். பாக்கி வராமலே போனாலும் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பி வராது. இந்த நிலையில் இருப்பவருக்கு நீதிமன்றம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, அதற்கு என்ன செலவாகும் என்ற கேள்வி எந்த அடிப்படை உரிமைக்கும் குறைந்ததல்ல.

செலவு என்றவுடன் எல்லோரும் வக்கீல் பீஸைத்தான் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கடன் வசூலில் மிகப் பெரிய செலவு காலதாமதம். அதில் முக்கால் பங்கு வக்கீல் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வக்கீல் பீஸ் அதைவிடச் சிறியது. ஆனால் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே தெரியாத செலவு அது ஒன்றுதான். அதைத் தெரியப்படுத்தும் கடமை எங்களுடையது. இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டும்தான்.

முதலில் காலம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிகளுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணைக் காலம் பேசாமல் சரக்குக் கொடுத்திருந்தால் கொடுத்த நாளிலிருந்தே மூன்று ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து ஓடும். ஜாப் ஒர்க் கூலிக்கு, வேலையை முடித்த நாளிலிருந்து கணக்கு. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகக் காலம் ஓடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. ஐந்தாண்டு வியாபாரத்தின் மொத்த பாக்கியைக் கூட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் பாதி ஏற்கெனவே காலாவதியாகியிருக்கும்.

இதைக் காப்பாற்ற ஒரே ஒரு கையெழுத்துப் போதும். மூன்று ஆண்டு முடிவதற்குள் 'இவ்வளவு தரவேண்டியிருக்கிறது' என்று எதிராளி எழுதிக் கையொப்பமிட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். எழுத்து ஆதாரம் உள்ள பகுதிப் பணம் வந்தாலும் அப்படியே. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வாங்குபவரிடம் பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைப்பவர்களின் வழக்கு எளிதாக நடக்கிறது. கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. கடிதத்தை ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. கணக்குத் தணிக்கையில் பாக்கி உறுதிக் கடிதம் கேட்பது வழக்கமான நடைமுறைதான்.

மற்ற காகிதங்களும் அப்படித்தான். பர்ச்சேஸ் ஆர்டர், கையொப்பமிட்ட டெலிவரி சலான், இ-வே பில், லெட்ஜர், வங்கிக் கணக்கு நகல் எல்லாம் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். இப்போது ஆர்டரில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில் வருகிறது. அதுவும் சான்றாகும். ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றும்போது அந்த உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். இதைச் சாதாரண மிரட்டல் கடிதமாகப் பலர் எண்ணுகிறார்கள். பில்லில் வட்டி பற்றி எதுவும் எழுதாமல் விட்டிருந்தாலும், வட்டி கேட்போம் என்று எழுத்தில் அறிவித்தால் அறிவிப்பு நாள் முதல் வட்டி வழங்க 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. நோட்டீஸில் வட்டி கோரும் ஒரு வரி விடுபட்டால் அது பணமாகவே நஷ்டம். நல்ல நோட்டீஸில் பில் எண், தேதி, தொகை, வந்த பணம், மீதி எல்லாம் இருக்கும். அதட்டல் இருக்காது. பணமில்லாதவரை அதட்டிப் பயனில்லை. பணமிருந்தும் தராதவர் அதட்டலுக்கு அஞ்சுபவரல்ல. ஆனால் கணக்கு சுத்தமாக இருப்பதைக் கண்டால் அவருடைய வக்கீல் 'பேசி முடித்துவிடுங்கள்' என்பார். பல பாக்கிகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. வசூல் வழிகளில் செலவு குறைந்ததும் இதுதான்.

இந்த இடத்தில் வாங்குபவருக்கு நினைவூட்ட இன்னொரு செய்தி இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தப் பில்லின் மேல் எடுத்த உள்ளீட்டு வரவை அவர் வட்டியோடு திருப்ப வேண்டும். நோட்டீஸில் இதை எழுதினால் அவருடைய ஆடிட்டரே அவரை அழைத்துப் பேசுவார்.

நோட்டீஸில் பணம் வரவில்லை என்றால் வழக்கு. கணக்குப் பார்ப்பதற்காக எட்டு லட்சம் ரூபாய் பாக்கியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பண வழக்குக்கான நீதிமன்றக் கட்டணம் முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது. 2017இல் அது மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எட்டு லட்சத்துக்கு இன்று 24,000 ரூபாய். பழைய விகிதமாக இருந்தால் 60,000. அந்தக் குறைப்பு சிறு வியாபாரிகளுக்குக் கிடைத்த உண்மையான நன்மை. அது பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

இதே எட்டு லட்சத்தை ஈடுசெய்ய நீங்கள் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு ஓ.டி. எடுத்திருந்தால் ஆண்டுக்கு 96,000 ரூபாய் வட்டி போகிறது. இரண்டு ஆண்டு 'போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன்' என்றால் 1,92,000 ரூபாய் போய்விட்டது. அதாவது நீதிமன்றக் கட்டணத்தைப்போல எட்டு மடங்கு. காலதாமதம்தான் பெரிய செலவு என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்குகளில், தாக்கலுக்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியே சமரச முயற்சி செய்தாக வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தால் வழக்கே நிராகரிக்கப்படும் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். சமரசத்தில் கழியும் நாட்கள் காலவரையறைக் கணக்கில் சேராது. சில வக்கீல்கள் இதை வெறும் சடங்காக நடத்துகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பணமுடையால் தராமல் இருக்கும் வாங்குபவருக்கு மாதத் தவணை பேசும் முதல் மேசை அது. அங்கே எட்டும் உடன்பாடு நடுவர் தீர்ப்புக்குச் சமமான வலு உடையது. வழக்குப் போட்ட பிறகு பேசித் தீர்த்துக்கொண்டாலும் நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். தரப்பினர் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் அந்த உரிமை உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகம் தாக்கல் செய்த மேல்முறையீட்டிலேயே 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

காசோலை வாங்கி வைத்திருந்தால் வேறொரு வழியும் உண்டு. பணமின்றிக் காசோலை திரும்பினால் அதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவை எல்லோரும் அறிவீர்கள். அதில் நாள்களைத் தவறவிடுவதுதான் ஆபத்து. காசோலை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். ரிட்டர்ன் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் அவருக்கு 15 நாள். அது கழிந்த ஒரு மாதத்துக்குள் புகார். 2015 திருத்தத்துக்குப் பிறகு உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், சூரத்துக்குச் சரக்கு அனுப்பியவர் சூரத்துக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடவும் 2018 முதல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதைக் கேட்டு மனுப் போடாமல் வாய்தா வாங்கிக்கொண்டிருப்பது கட்சிக்காரருக்குச் செய்யும் குறை. ஒன்றை மறக்கக் கூடாது. இது குற்ற வழக்கு. இதை நம்பி சிவில் வழக்கின் மூன்று ஆண்டைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சிறு தொழில் நடத்துவோர் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் சட்டத்துக்கு இப்போது வருகிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். குறு நிறுவனமோ சிறு நிறுவனமோ சரக்குக் கொடுத்தால், எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு சதவீதம். இங்கிலாந்தில் 1998இல் வந்த வணிகத் தாமதக் கடன் வட்டிச் சட்டம் அடிப்படை விகிதத்துக்கு மேல் எட்டு சதவீதமும், கடன் அளவைப் பொறுத்து 40, 70 அல்லது 100 பவுண்டு இழப்பீடும் தருகிறது. நம் சட்டம் அதற்குக் குறைந்ததல்ல.

வாங்குபவர் தரும் இந்த வட்டியை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2023 நிதிச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிப்படி, இந்தக் கெடுவுக்குள் தராத அசல் தொகையையே, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். மார்ச் மாதத்தில் வாங்குபவர்கள் நம்மைத் தேடி வருவதற்கு இதுவே காரணம்.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போக வேண்டிய இடம் வசதியாக்கக் குழு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் குழுக்கள் இயங்குகின்றன. இணையவழியாகவே மனுப் போடலாம். முதலில் சமரசம், அது பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. மூன்று சதவீத நீதிமன்றக் கட்டணம் இங்கே கிடையாது. தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். கடன்கொடுத்தவருக்கு இதைவிட வலுவான பாதுகாப்பு நம் சிவில் சட்டத்தில் அரிது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் நீள்கிறது. அதை அரசு சரிசெய்தே ஆக வேண்டும். இருந்தாலும் தகுதி உள்ளவர் முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். ஆனால் உத்யம் பதிவு இருக்க வேண்டும், அதுவும் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய் வாங்கிய பதிவு பழைய பில்களுக்கு உதவாது என்ற நிலைப்பாட்டை 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு நீட்டிக்கப்படவில்லை. பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இந்த அரங்கில் பதிவில்லாத பட்டறைக்காரர் இருந்தால் நாளைக்கே செய்துவிடுங்கள்.

வழக்கில் ஜெயிப்பது ஒன்று, பணம் கைக்கு வருவது வேறொன்று. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை டிகிரி (தீர்ப்பாணை) வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்ற பொருளில் லண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே குறிப்பிட்டது. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் அந்தக் குறிப்பை வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்ட வேண்டியிருப்பது நமக்கெல்லாம் தலைகுனிவு. நிறைவேற்று மனுவை (ஈ.பி.) ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் ஈ.பி. போட்டுவிட்டு அமீனாவின் தேதிக்குக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு கோர்ட்டிலும் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்து, வழக்குப் போடும் முன்பே ஈ.பி.யை நினைப்பது. எதிராளியின் வங்கிக் கணக்கு எங்கே? இடம், கட்டடம் யார் பெயரில்? எந்தெந்தப் பெரிய நிறுவனத்திடமிருந்து அவருக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது? அந்தப் பணத்தையே ஜப்தி செய்யலாம். கம்பெனியா, கூட்டு வியாபாரமா, ஒருவர் மட்டும் நடத்தும் கடையா? லிமிடெட் கம்பெனி கடனுக்கு டைரக்டரின் சொந்த வீட்டைப் பொதுவாகத் தொட முடியாது. கூட்டு வியாபாரத்தில் கூட்டாளி சொந்தப் பொறுப்பு உடையவர். சொத்தை விற்று ஒதுக்கப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம். ஜப்தி செய்ய எதுவுமில்லாதவர் மேல் வாங்கும் டிகிரி ஏட்டுச் சுரைக்காய்தான். டிகிரிக்குப் பன்னிரண்டு ஆண்டு உயிர் உண்டு என்பது மட்டுமே அங்கே ஆறுதல். அப்படிப்பட்ட வழக்கை எடுக்க வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் சொல்வதும் வக்கீலின் வேலை. அந்த அறிவுரைக்கு அவர் பீஸ் வாங்கினாலும் தகும்.

இப்போது பீஸ். 'வசூலாகும் பணத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்திய பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசவோ, கிடைக்கும் பணத்தில் பங்கு வாங்கவோ வழக்கறிஞருக்கு உரிமையில்லை. அந்த விதி சரியானது என்பது என் கருத்து. வழக்கில் பங்குதாரர் ஆகிவிட்ட வக்கீல் கட்சிக்காரருக்கு நடுநிலையான அறிவுரை சொல்ல முடியாது. ஆனால் அந்த விதி முழுச் சுமையையும் ஏற்கெனவே பணம் இழந்தவர் தலையில் முன்கூட்டியே ஏற்றுகிறது. அதனால்தான் என்ன செலவாகும் என்பதை முதல் நாளே அவர் அறிந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் வக்கீல் வழிக் கடன் வசூலைப் பெரும்பாலும் செய்பவர்கள் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்கள். 2018 டிசம்பர் முதல் அங்கே ஒரு விதி இருக்கிறது. வணிகர்களுக்கு ஒரு லட்சம் பவுண்டு வரையிலான கடனை வசூலித்துத் தரும் சொலிசிட்டர் நிறுவனம் தன் கட்டணத்தை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். மொத்தம் எவ்வளவு, அதில் என்னென்ன வேலை அடங்கும், கோர்ட்டுக் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு, எந்தக் கட்டத்துக்கு எத்தனை நாளாகும் என்பதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் மலிவு என்று நான் சொல்லவில்லை. பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வழக்குக்கு கோர்ட்டுக் கட்டணமே ஐந்து சதவீதம், நம்முடையதைவிட அதிகம். பத்தாயிரத்துக்குக் கீழ்ப்பட்ட சிறு வழக்கில் ஜெயித்தாலும் சொலிசிட்டருக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்ப வராது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் வழக்குப் போடுகிறவருக்கு முன்பே தெரியும். போடலாமா வேண்டாமா என்று அவர் தானே முடிவு செய்கிறார்.

நம் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே கட்டணப் பட்டியலை ஊரறிய வெளியிட முடியாது. ஆனால் தன்னைத் தேடி வந்த கட்சிக்காரருக்கு எழுதித் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. நோட்டீஸுக்கு இவ்வளவு. சமரச மனுவுக்கு இவ்வளவு. வழக்குத் தாக்கலுக்கு இவ்வளவு. சாட்சி விசாரணைக்கும் வாதத்துக்கும் இவ்வளவு. ஈ.பி.க்கு இவ்வளவு, அது தனி. கடைசியாகச் சொன்னதை எழுதாததால்தான் சண்டை வருகிறது. டிகிரி வாங்கித் தந்தால் வேலை முடிந்தது என்று வக்கீல் நினைக்கிறார். பணம் வரும்வரை எல்லாம் பேசிய பீஸில் அடக்கம் என்று கட்சிக்காரர் நினைக்கிறார். இருவருமே நேர்மையானவர்களாக இருந்தும் மனக்கசப்பு வருகிறது.

ஜெயித்தால் செலவு கிடைக்குமா என்று கேட்பார்கள். உண்மையான, நியாயமான செலவைத் தோற்றவர் தர வேண்டும் என்று சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. வணிக நீதிமன்றங்களில் தோற்றவர் செலவு தருவதே பொது விதி. ஆனால் சாதாரண சிவில் வழக்கில், பொய்யாகவும் வீணாகவும் எதிர்த்ததற்கான இழப்பீட்டின் உச்சவரம்பு இன்னும் 3,000 ரூபாயில் நிற்கிறது. பாக்கிக்காரருக்கு வழக்கை இழுத்தடிப்பதே லாபமாக இருக்கும்வரை அவர் இழுத்தடிக்கவே செய்வார். நாடாளுமன்றம் அந்தத் தொகையை மாற்ற வேண்டும். மாறும்வரை, செலவுக் கணக்குப் பட்டியலை ரசீதுகளோடு தாக்கல் செய்து கேட்க வேண்டியது வக்கீல்களின் பொறுப்பு. கேட்காத செலவை எந்த நீதிபதியும் தரமாட்டார்.

செலவுக்கு அஞ்சியோ பொறுமை இழந்தோ சிலர் கட்டப்பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். சிலர் ஸ்டேஷனில் மோசடிப் புகார் கொடுக்கிறார்கள். பணம் தராத ஒவ்வொரு வாங்குபவரும் மோசடிக்காரர் அல்ல. சிவில் பாக்கிக்குக் குற்றவியல் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும் கண்டித்திருக்கிறது. ஆள் வைத்து வசூலித்தவர், தன் நியாயமான பாக்கிக்காகத் தானே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்தில் மனுக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே ஏற்படும் தீர்வு டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை.

இளம் வழக்கறிஞர்களே, அடுத்த கடன் வழக்கு உங்களிடம் வரும்போது கட்டம் கட்டமாகப் பீஸை எழுதி, ஈ.பி.யையும் சேர்த்து, கையொப்பமிட்டுக் கட்சிக்காரரிடம் ஒரு நகல் கொடுங்கள். தொழில் நடத்தும் நண்பர்களே, எந்த வக்கீலிடம் போனாலும் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன், இந்த வாரமே லெட்ஜரைத் திறந்து இரண்டு ஆண்டைத் தாண்டிய பில்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்கு இன்னும் ஓர் ஆண்டுகூட முழுதாக இல்லை.